ராகிக் குழியில் கிடந்த யூதாசு

1. கையுறை போட்ட வேலை

என் வேலைக்குப் பெயர் பிலிம் செக்கர். "சினிமாவுலயா வேலை? அப்போ நடிகருங்களை எல்லாம் பாத்திருப்பீங்களே?" என்று கேட்காதவர் இல்லை. நான் பார்த்ததெல்லாம் பிலிம் ஓரத்தில் கிழிந்த ஸ்ப்ராக்கெட் ஓட்டைகளைத்தான். தியேட்டரில் ஓடித் திரும்பி வரும் பிரிண்டை ரிவைண்டிங் டேபிளில் மெதுவாகச் சுற்ற வேண்டும். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்ட விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே வர வேண்டும். விரல் தட்டும் இடத்தில் நிறுத்தி, கிழிசலை வெட்டி, பிலிம் சிமெண்ட் என்னும் பசை தடவி ஒட்டி, மறுபடி டின்னில் அடைத்து அனுப்ப வேண்டும். சேலத்தில் ஒரு விநியோகஸ்தர் ஆபீசில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதைச் செய்துகொண்டிருந்தேன். கதாநாயகன் செத்துப்போகும் காட்சியில்கூட ஜாயிண்ட் சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் எனக்குக் கண் போகும். என் வீட்டுக்காரர் என்னைப் படத்துக்குக் கூட்டிப் போவதையே விட்டுவிட்டார்.

எண்பதுகளில் ஊருக்கு ஊர் வீடியோ டெக் வந்தது. பழைய பிரிண்டுகளைச் சீண்ட ஆளில்லை. பிலிமைக் கழுவினால் கொஞ்சம் வெள்ளி வரும் என்பதால், எல்லோரும் பெட்டி பெட்டியாக எடைக்குப் போட ஆரம்பித்தார்கள். எங்கள் முதலாளி கந்தசாமிக்கு அது பொறுக்கவில்லை. "ஓட்டிச் சம்பாதிச்சது போதாதா? கழுவி வேற சம்பாதிக்கணுமா?" என்று சத்தம் போடுவார். மற்றவர்கள் விற்கிற நேரத்தில் இவர் வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். ஆபீசில் பாதிப் பேர், மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

அதியமான்கோட்டையில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அவருடைய மாமனார் நிலத்தில் ஒரு கல் கட்டடம் இருந்தது, வாங்கியதை எல்லாம் அங்கேதான் அடுக்கினார். எனக்குக் கல்யாணமாகித் தர்மபுரிக்கு வந்துவிட்டதால், "ராஜிம்மா, உன் வூட்டுக்குப் பக்கந்தானே, நீயே பாத்துக்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

கட்டடம் பக்கத்தில் இருந்ததே தவிர, வேலை லேசானதாக இல்லை. மிகப் பழைய படங்கள் நைட்ரேட் பிலிமில் இருக்கும். பின்னால் வந்த பிலிமின் ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சடித்திருப்பார்கள், அது பரவாயில்லை. நைட்ரேட் அப்படி இல்லை. பற்றிக்கொண்டால் மண் போட்டாலும் தண்ணீர் ஊற்றினாலும் எரிந்து முடித்துவிட்டுத்தான் ஓயும். பற்றாமல் சும்மா கிடந்தாலும் தன்னாலேயே கெட்டு ஒரு காட்டமான காற்றை விடும். அந்தக் காற்று டின்னுக்குள்ளேயே தங்கினால் மிச்சத்தையும் கெடுக்கும். அதனால் அந்தக் கட்டடத்துக்கு நான் கரண்ட் வேண்டாம் என்றேன். ஜன்னலுக்கு வலை அடித்து, எப்போதும் காற்றோட விட்டேன். டின்களை இறுக மூடாமல் படுக்க வைத்து அடுக்கினேன். வாசலில் "பீடி, சிகரெட், தீப்பெட்டி இங்கேயே வை" என்று ஒரு மண் சட்டி. டிரைவர் முருகேசன் அந்தச் சட்டியை என் முகத்தைப் பார்ப்பது போலவே எரிச்சலோடு பார்ப்பார்.

2. யூதாசு வூடு

கடத்தூர் பக்கத்து டென்ட் கொட்டாய் ஒன்றில் ஆபரேட்டராக இருந்தவர் ஒருநாள் தகவல் சொன்னார். அங்கே ஒரு ஊரில் சவரிமுத்து என்பவரின் ராகிக் குழிக்குள் பழைய பிலிம் டின்கள் கிடக்கின்றனவாம். இந்த வருடம் ராகி நன்றாக விளைந்துவிட்டது, குழி வேண்டும், எடுத்துப் போகிறவர்கள் எடுத்துப் போகலாம் என்றாராம்.

முருகேசனும் நானும் வேனில் கிளம்பினோம். ஊர் வந்து, "சவரிமுத்து வூடு எதுங்க?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. மாதா கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவர் யோசித்து யோசித்து, "யாரு, நம்ம யூதாசா? அதைச் சொல்லு மொதல்ல! அதோ, அந்தப் புளியமரத்து வூடு" என்றார்.

சவரிமுத்து அய்யாவுக்கு எழுபதை ஒட்டிய வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நீளமான முகம். எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவரே சொன்னார். நான் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் டின்களைத் தரமாட்டார் போலிருந்தது.

அவர் இளவட்டமாக இருந்தபோது ஊரில் தவக்காலத்தில் பாஸ்கு நாடகம் போடுவார்கள். இயேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே நடிப்பது. டென்ட் கொட்டாய் வைத்திருந்த அந்தோணி என்பவர், சேலத்தில் இருந்து கேமராக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து அதைப் படமாகவே எடுத்துவிட்டார். பேச்சில்லாத படம். திரைக்குப் பக்கத்தில் உபதேசியார் நின்று கதை சொல்வார். வருடா வருடம் தவக்காலத்தில் அந்தோணி அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டினார். அதில் யூதாசு நம் சவரிமுத்து.

"நான் நல்லாத்தான் நடிச்சேங்க. அதான் தப்பாப் போச்சு" என்றார். "முத்தம் குடுத்துக் காட்டிக் குடுக்கற எடம் வந்துச்சுன்னா, சனங்க மண்ணாங்கட்டிய எடுத்து வீசுவாங்க. சந்தைக்குப் போனா வெத்தல குடுக்க மாட்டாங்க. எனக்கு எவனும் பொண்ணு குடுக்கலீங்க."

"எங்க ஊரு மாரண்டஹள்ளி பக்கம்மா. அந்தப் படம் அங்க வரல. வந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றார் உள்ளே இருந்து அவர் மனைவி தெரசம்மா.

அய்யா சிரிக்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் அவசரத்தில் இருந்தார். காட்டிக் கொடுத்த பிறகு யூதாசு மனம் கசந்து, கூலியாக வாங்கிய வெள்ளிக்காசைக் கோயிலில் விட்டெறிந்துவிட்டு, ஊர்ப் பாறைமேல் ஏறி உட்கார்ந்து அழுவது ஒரு தனி ரீல். அதை எடுத்த அன்றைக்குக் கேமராக்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். ஆனால் முதல் ஊரிலேயே, யூதாசு மறுபடி திரையில் வந்ததும் கல் பறந்து துணி கிழிந்துவிட்டது. அந்தோணி திரைத்துணியைக் காப்பாற்றுவதற்காக அந்த ரீலை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அதை ஓட்டவே இல்லை.

"காட்டிக் குடுத்தத ஜில்லாவே பாத்துச்சு. அழுதத ஒருத்தரும் பாக்கலீங்க. அந்தோணி சாவறப்ப எல்லாத்தையும் என்கிட்ட குடுத்து, எரிக்கணும்னாலும் எரிச்சுக்கன்னான். மனசு வரல. வெயிலுக்கு ஆவாதுன்னு அவன் சொல்லியிருந்தான், குழிக்குள்ள எறக்கிட்டேன். மத்ததெல்லாம் நீங்க என்ன பண்ணினாலும் சரி. அந்த ஒரு ரீலு மட்டும் வெளிய வரணும்."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இத்தனை காலம் மூடிய குழிக்குள் கிடந்த நைட்ரேட் பிலிம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். "அய்யா, பொடியாக்கூட ஆயிருக்கலாம். ஆசைய ரொம்ப வச்சுக்காதீங்க" என்றேன்.

"ஆச வக்காம இருக்க முடியுமா? நீங்க எடுங்கம்மா" என்றார்.

3. மெழுகுவர்த்தி

குழி வீட்டுக்குப் பின்னால் களத்து ஓரத்தில் இருந்தது. ராகிக் குழி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாய், கீழே போகப் போக வயிறு பருத்த பானை மாதிரி அகலம். ராகியைக் கொட்டி, வாயைப் பலகைக்கல்லால் மூடி, சுற்றி மண் பூசிவிடுவார்கள். வருடக்கணக்கில் பூச்சி அண்டாது. காலையில்தான் கல்லைப் புரட்டியிருந்தார்கள்.

முருகேசன் உள்ளே இறங்கச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் வேனில் இருந்து கையுறையும் சாக்குகளும் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்க்கிறேன், தெரசம்மா குழி வாயில் முட்டி போட்டு உட்கார்ந்து, கயிற்றில் கட்டிய ஒரு தகர டப்பாவை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கிறார். டப்பாவுக்குள் கோயில் மெழுகுவர்த்தி ஒன்று எரிகிறது.

கத்தினால் அந்த அம்மா பயந்து கயிற்றை விட்டுவிடுவார். ஓடினால் காலடியில் மண் சரிந்து உள்ளே விழும். நான் பிறவியிலேயே சத்தமாகப் பேசுகிறவள். அன்றைக்கு என் குரலை நானே அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவு மெதுவாகப் பேசினேன்.

"அம்மா, கயித்த அப்பிடியே நிறுத்துங்க."

"இரும்மா, இன்னும் அடிக்குப் போவல."

"போவ வேணாம்மா. மெதுவா, ஆட்டாம, மேல இழுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

தெரசம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். "அட, அணைஞ்சு போச்சும்மா! பாதிகூடப் போவல, அதுக்குள்ள அணைஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். டப்பா மேலே வந்தபோது திரியில் புகை மட்டும் இருந்தது. நான் விரலை எச்சிலில் நனைத்துத் திரியை நசுக்கினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் என் சொந்தக் குரல் திரும்பி வந்தது. "என்னம்மா பண்ணப் பாத்தீங்க! உள்ள கெடக்கறது என்னன்னு தெரியுமா? ஒரு பொறி பட்டிருந்தா குழியும் போயிருக்கும், நாமளும் போயிருப்போம், வூடும் போயிருக்கும்!"

தெரசம்மா அசரவில்லை. "நீ என்ன பண்ணப் பாத்த? ஆள எறக்கறதுக்கு முன்னாடி வெளக்க எறக்க வேணாமா? இந்தத் தெருவுலயே குழிக்குள்ள எறங்கின ஒருத்தன் மேல வரல, தெரியுமா? கெட்ட காத்து இருந்தா வெளக்கு அணைஞ்சிரும். இப்ப அணைஞ்சுதா இல்லியா? உன் டிரைவரு எறங்கியிருந்தா இந்நேரம் என்ன ஆயிருப்பான்?"

முருகேசன் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அந்த அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. அடியில் மிச்சம் கிடந்த ராகியும் உமியும் நல்ல காற்றைத் தின்றுவிட்டிருக்கும். பிலிமும் தன் பங்குக்குக் கெட்ட காற்றை விட்டிருக்கும். உள்ளே நல்ல காற்று இருந்திருந்தால் மெழுகுவர்த்தி அணைந்திருக்காது, பிலிம் பற்றியிருக்கும். மெழுகுவர்த்தியே இறங்காமல் இருந்திருந்தால் முருகேசன் போயிருப்பார். நான் பிலிமுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், அவர் மனிதனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பின்னால் இந்த வேலைக்கு வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். கையுறை, டின், வெப்பம் எல்லாம் அப்புறம். ஒரு வீட்டுக்குப் போனால், "இதத் தொடறதுக்கு முன்னாடி நீங்க வழக்கமா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேள். கேட்டுவிட்டு, நீ என்ன செய்யப்போகிறாய் என்பதையும் சொல். அந்த ஒரு கேள்வி பல இடங்களில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

4. கோழியும் கண்ணாடியும்

கெட்ட காற்றை வெளியேற்ற தெரசம்மாவுக்கு வழி தெரிந்திருந்தது. வேப்பங்கொப்புகளைக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் விட்டு, கிணற்றில் வாளி இறைப்பது போல மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். முருகேசனும் சவரிமுத்து அய்யாவும் மாற்றி மாற்றி ஆட்டினார்கள். உள்ளே இருந்து வந்த நெடியில் எனக்குக் கண் எரிந்தது. நெடி குறைந்த பிறகு, காற்று சரியாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? விளக்கு கூடாது.

"கோழிய எறக்கலாம்" என்றார் சவரிமுத்து அய்யா.

"என் முட்டக் கோழியா? ஒங்க யூதாசுப் புத்தி போவுதா பாரு!" என்று தெரசம்மா எழுந்துவிட்டார்.

அப்புறம் அவரே கோழியைக் கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, அதன் தலையைத் தடவிக்கொடுத்து இறக்கினார். கோழி அடிவரை போய், கொஞ்ச நேரம் இருந்து, மேலே வந்தது. துணியை அவிழ்த்ததும் முருகேசன் கையைக் கொத்திவிட்டுக் களத்தைத் தாண்டி ஓடியது. இதைவிட நல்ல சான்று எந்த ஆய்வுக்கூடமும் தராது.

உள்ளே பார்க்க வெளிச்சம் வேண்டும். வேனில் பேட்டரி லைட் இருந்தது. பேட்டரிகளை முருகேசன் கிரிக்கெட் கேட்க ரேடியோவுக்குப் போட்டுத் தீர்த்திருந்தார். அதைப் பற்றி அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. தெரசம்மா வீட்டுக்குள் போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து வெயிலைப் பிடித்துக் குழிக்குள் திருப்பினார். உள்ளே பகல் ஆகிவிட்டது. முருகேசனின் வயிறு குழி வாயில் நுழையாததால், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சவரிமுத்து அய்யாவே இறங்கினார்.

டின்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எல்லாம் துருப்பிடித்து, மூடி இறுகிப்போனவை. வேப்பமரத்தடியில் ஈரச்சாக்கை விரித்து, அதன்மேல் வைத்து மெதுவாகத் திறந்தேன். முதல் டின்னில் பழுப்புப் பொடி. இரண்டாவதில் வெல்லப்பாகு மாதிரி ஒரு கட்டி. மூன்றாவதில் நுரை தள்ளிக் காய்ந்திருந்தது.

"அதுவாங்க?" என்று அய்யா குழிக்குள் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூடிகளில் அந்தோணி பெயிண்டால் எழுதியிருந்தது கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது. இராப்போசனம், தோட்டம், முத்தம், பிலாத்து, சிலுவை. ஊர் ஊராக ஓடிய ரீல்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. அழுகிற ரீல் என்று எழுதிய டின் எதுவும் வரவில்லை.

"அவ்வளவுதாங்களா அய்யா?"

"டின்னு அவ்வளவுதாங்க" என்றார். அவர் கையால் துழாவுவது கேட்டது. பிறகு, "ஓலப்பொட்டி ஒண்ணு கெடக்குது, அந்தோணி குடுத்ததுதான், மறந்தே போச்சு. அதுல என்னமோ சுத்தி வச்சிருக்குது" என்றார்.

அது பனையோலைப் பெட்டி. வெளியே போகாத ரீலுக்கு எதற்கு டின் என்று அந்தோணி அதை இதில் போட்டிருக்கிறார். துணி சுற்றி, குழிக்குள் மேடான ஓர் இடத்தில் தனியாக இருந்திருக்கிறது. ஓலை இடுக்கு வழியாக அதன் கெட்ட காற்று வெளியே போய்க்கொண்டே இருந்ததால் உள்ளே தேங்கவில்லை. ஓரம் சுருங்கியிருந்தது, வெளிச் சுற்றுகள் போய்விட்டன. உள்ளே பிலிம் நன்றாக இருந்தது. நுனியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பாறை. பாறைமேல் நீள முகத்தோடு ஒரு இளைஞன், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜாயிண்டைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

சவரிமுத்து அய்யா தலையெல்லாம் மண்ணோடு மேலே வந்து என் கையில் இருந்த லென்ஸ் வழியாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "நாந்தாங்க" என்றார். பிறகு, பொடியாகிக் கிடந்த டின்களைத் திரும்பிப் பார்த்தார்.

"முத்தம் குடுக்கறது போயிடுச்சுங்களா?"

"போயிடுச்சுங்க அய்யா. இனிமே அதை ஒருத்தரும் பாக்க முடியாது."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ இவன் எதுக்கு அழுவறான்னு சனங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

பொடியையும் கட்டியையும் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் போட்டு, ஓலைப்பெட்டியை ஈரச்சாக்கின் நடுவே வைத்துக் கிளம்பினோம். முருகேசன் வழியெல்லாம் பீடியைத் தொடவில்லை.

5. தவக்கால வெள்ளி

முதலாளி ரீலைப் பார்த்துவிட்டு, "தலையும் இல்ல, வாலும் இல்ல. இதை மெட்ராஸ் லேபுக்கு அனுப்பி சேஃப்டி பிரிண்ட் எடுக்கணும்கற. யாரு ராஜிம்மா பாப்பாங்க?" என்றார்.

"ஒரு ஊரே பாக்கும் முதலாளி. நீங்களும் பாப்பீங்க."

முறைத்தார். ஆனால் அனுப்பினார். சுருங்கிய பிலிம் என்பதால் லேபில் மிக மெதுவாக ஓட்டி எடுத்தார்கள். பிரிண்ட் வந்ததும், அடுத்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிலுவைப்பாதை செபம் முடிந்த பிறகு, அந்த ஊர்க் கோயில் வெளியில் வெள்ளைத்துணி கட்டினோம். முதலாளி சேலத்தில் இருந்து புரொஜக்டரையும் ஆபரேட்டரையும் அனுப்பியதோடு, தானும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். "யூதாசு படமாம்" என்று பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். வயதானவர்கள் சிலர் அந்தப் படத்துக்குக் கல் எறிந்தவர்கள்.

ஆபரேட்டர் ரீலை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைக்கும் முன்பே சவரிமுத்து அய்யா எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"இதுக்கு முன்னாடி இருக்கற ரீலு கெட்டுப்போச்சு. அதனால நான் செஞ்சு காட்டறேன்" என்றார். "இயேசுவா ஒரு ஆளு வேணும்."

ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. தாடி வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக முருகேசனைப் பிடித்துத் தள்ளினார்கள். "நான் முருகர் கோயிலுக்குப் போறவனுங்க" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சவரிமுத்து அய்யா சிரிக்கவில்லை. காசுப்பை வாங்குவது போலக் கையை நீட்டினார், எண்ணிப் பார்த்தார், இடுப்பில் செருகினார். தோள் குறுகிப்போனது, நடை மாறிவிட்டது. திருட்டுப் பார்வையோடு சனங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே முருகேசன் அருகில் போனார். அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். சிரிப்பு அத்தனையும் நின்றுவிட்டது. பின்வரிசையில் ஒரு கிழவர், "அடப்பாவி!" என்றார், அந்தப் பழைய கோபத்தோடு.

ஆபரேட்டர் ஓட்ட ஆரம்பித்தார். திரையில் இளைஞன் கோயில் வாசலில் பையை விட்டெறிந்தான். பாறைமேல் ஏறினான், சறுக்கினான், மறுபடி ஏறினான். உட்கார்ந்து அழுதான். நடிப்பு என்று சொல்ல முடியாது, அப்படி அழுதான். பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, மெஷின் சத்தம் மட்டும். ஒரு மண்ணாங்கட்டிகூடப் பறக்கவில்லை. "அடப்பாவி" என்ற கிழவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

தெரசம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் இவர் அழுது பாத்ததே இல்லம்மா. வூட்டுல ஒரு தடவகூட அழுததில்ல" என்றார். அவர் கை என் கையைப் பிடித்திருந்தது.

ரீல் ஓடி முடிந்து திரை வெள்ளையானது. முதலாளிதான் முதலில் கத்தினார்: "இன்னொருக்கா போடுப்பா!" ஊரே சேர்ந்துகொண்டது. "போடுங்க, போடுங்க!"

நான் ரீலை ரிவைண்ட் செய்து கொடுத்தேன். ஆபரேட்டர் மறுபடி மாட்டி, விளக்கைப் போடப் போனார்.

"இருப்பா, அவசரப்படாத" என்று சவரிமுத்து அய்யா கையைக் காட்டி நிறுத்தினார். முருகேசனைக் கூப்பிட்டுப் பழைய இடத்தில் நிற்க வைத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சனங்களைப் பார்த்து அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"மொதல்ல நான் காட்டிக் குடுக்கணும்ல" என்றார்.